கிர்கிஸ்தான் மேல் போட்ட பழி

காய்ச்சலில் கிடந்து எழுந்தவர்கள் எழுத உட்கார்ந்தால் கடவுளுக்கும் மருத்துவருக்கும் நன்றி சொல்லித் தொடங்குவார்கள். எனக்கும் நன்றி இல்லாமல் இல்லை. ஆனால் முதலில் என் கடுப்பைக் கொட்டிவிடுகிறேன். ஊசி குத்திக் குத்தி நரம்பு கிடைக்காமல் போனதைவிட, ஆக்சிஜன் குழாய் மூக்கை அறுத்ததைவிட, அந்த நாட்களில் என்னை அதிகமாக வதைத்தது ஒரே ஒரு கேள்விதான். "நீங்கதானே அந்த ஃபாரின் போயிட்டு வந்த பேஷன்ட்?"

ஆமாம், நான்தான். பெயர் டில்லிபாபு. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்புக் கம்பி தயாரிக்கும் ஆலையொன்றில் எலக்ட்ரீஷியன். வீடு, புதுவாயல் கூட்டுரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமத்தில். அப்பா இல்லை. அம்மாவும் நானும் மட்டும்தான். அக்கா செல்வியைக் கடம்பத்தூரில் கொடுத்திருக்கிறது.

நான் சைக்கிளில் வேலைக்குப் போகிறவன். என்னோடு வேலை செய்கிற எல்லோரும் பைக் வாங்கிவிட்ட பிறகு சைக்கிளில் போனால், 'பாவம், என்ன கஷ்டமோ' என்றுதான் பார்ப்பார்கள். அப்படிப்பட்டவன், சைக்கிள் ஓட்டுவதற்காகவே விமானம் ஏறிக் கிர்கிஸ்தான் என்ற நாட்டுக்குத் தனியாகப் போகிறேன் என்று சொன்னால் ஊர் என்ன சொல்லும்? கிறுக்கு என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார்கள். சம்பளமில்லா விடுப்புக்காக மேலாளரின் பின்னால் அலைந்து, சைக்கிளைக் கழற்றி அட்டைப் பெட்டியில் கட்டி, முதுகில் ஒரு பையோடு கிளம்பினேன். அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "இடுப்புல இருக்கற அரணாக்கொடிய எவன் கேட்டாலும் கழட்டாத." வெள்ளி அரைஞாண் அது. விமான நிலையத்தில் சோதனைக் கருவி கத்தியபோது கூடச் சட்டையைத் தூக்கிக் காட்டினேனே ஒழியக் கழற்றவில்லை.

அந்த நாட்டைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் நான் நிறுத்த மாட்டேன். மரமே இல்லாத பச்சை மலைகள். மேலே ஏற ஏற மூச்சு வாங்கும். சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். சோங்குல் என்ற ஏரிக்குப் போகிற வழியில் ஆலங்கட்டி மழையில் மாட்டிக்கொண்டேன். குதிரை மேய்க்கிற ஒரு குடும்பம் என்னைத் தங்கள் கம்பளிக் கூடாரத்துக்குள் இழுத்துப் போட்டது. குல்நாரா என்று அந்த வீட்டம்மாவுக்குப் பெயர். என் ஈரத்துணியைச் சாண வறட்டி எரியும் அடுப்பின் பக்கத்தில் காயப்போட்டாள். சட்டையில்லாமல் உட்கார்ந்திருந்த என் இடுப்புக் கொடியைக் காட்டி என்ன என்று சைகையில் கேட்டாள். "அம்மா" என்றேன். அந்தச் சொல் அவளுக்குப் புரிந்துவிட்டது. தன் குழந்தையின் கையில் கட்டியிருந்த தாயத்தை எடுத்துக் காட்டிச் சிரித்தாள். புளித்த குதிரைப் பாலைக் கிண்ணம் கிண்ணமாக ஊற்றினாள். மழை விடும்வரை அங்கேயே இருந்தேன். கிளம்பும்போது காசு கொடுத்ததற்கு என் கையைத் தட்டிவிட்டாள்.

அந்தப் பக்கம் சிக்னல் கிடையாது. இங்கே என் அம்மா போனை மடியில் வைத்துக்கொண்டு சோறு தண்ணி இல்லாமல் உட்கார்ந்திருக்கிறாள். என் குரல் வராத அந்த நாட்களில்தான் எங்கள் அம்மனிடம் வேண்டிக்கொண்டிருக்கிறாள், பிள்ளை முழுசாகத் திரும்பி வந்தால் அவனைக் கோயிலைச் சுற்றி அங்கப்பிரதட்சணம் செய்ய வைக்கிறேன் என்று. என்னைக் கேட்டு வேண்டிக்கொள்கிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. வேண்டுவது அம்மா, உருளுவது நான்.

எந்தக் கோயில் என்று எழுத மாட்டேன். இதை எழுதப் போகிறேன் என்றதும் அம்மா கேட்டது அது ஒன்றுதான்.

ஆவணியில் ஊர் வந்து சேர்ந்து, வேலைக்கும் திரும்பிய பிறகு, ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை உருண்டேன். முந்தின நாள் நல்ல மழை. பிராகாரம் என்று சொல்ல அங்கே கல் தளம் எதுவும் இல்லை. மண்ணும் முழங்கால் உயரப் புல்லும்தான். தலைக்கு ஊற்றிய ஈரத்தோடு, ஒரு வேட்டியோடு மூன்று சுற்று. சத்தியமாகச் சொல்கிறேன், மலையில் சைக்கிளைத் தள்ளியது இதற்கு எவ்வளவோ தேவலாம். தலை கிறுகிறுத்து, குமட்டி, மேலெல்லாம் சேறு. அம்மா எனக்கு முன்னால் குனிந்தபடியே போய், நான் உருள வேண்டிய இடத்திலிருந்த கல், முள், கண்ணாடித் துண்டு எல்லாவற்றையும் பொறுக்கிப் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டே வந்தாள். முடிந்ததும் என் உடம்பைத் தடவிப் பார்த்து, "ஒரு கீறல் கூட இல்ல பாரு" என்று சந்தோஷப்பட்டாள்.

அதன்பிறகு கொஞ்ச நாளில் ஆலையில் நின்றுகொண்டிருந்தபோதே குளிர ஆரம்பித்தது. உலைக்குப் பக்கத்தில் நிற்கிறவனுக்குக் குளிர்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். தலை பிளந்துவிடும் போல வலி. கும்மிடிப்பூண்டியில் ஒரு கிளினிக்கில் மாத்திரை கொடுத்து "வைரல்தான், போயிடும்" என்றார்கள். போகவில்லை. டெங்கு இருக்கிறதா என்று பார்த்தார்கள்; இல்லை. மலேரியா இல்லை. காய்ச்சல் மட்டும் இருந்தது. அக்கா போன் போட்டு, "இங்க கூட்டியாங்க, நான் பக்கத்துல இருந்து பாத்துப்பேன்" என்று அழுததால், அவள் ஊருக்குப் பக்கத்திலிருக்கும் திருவள்ளூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தார்கள்.

சேர்க்கும்போது மருத்துவர் கேட்டார், "சமீபத்துல வெளியூர் எங்கயாவது போனீங்களா?" நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "அத ஏன் கேக்கறீங்க டாக்டரம்மா, ஏதோ ஒரு நாடாம், தனியா சைக்கிள்ல சுத்திட்டு வந்திருக்கான். சொல்லச் சொல்லக் கேக்கல."

அவ்வளவுதான். அந்த நிமிடத்திலிருந்து எனக்கு வந்தது காய்ச்சல் இல்லை, கிர்கிஸ்தான். தனி அறை. உள்ளே வருகிறவர்கள் எல்லோருக்கும் முகக்கவசம். வேலை மாறி வருகிற ஒவ்வொரு டியூட்டி டாக்டரும் புதிதாக ஒருமுறை நாட்டின் பெயரைச் சொல்லச் சொல்வார். பிறகு ஆவலோடு ஆரம்பிப்பார். அங்கே என்ன சாப்பிட்டீர்கள்? என்ன தண்ணீர் குடித்தீர்கள்? எலி இருந்ததா? குதிரையைத் தொட்டீர்களா? நானும் மடையன் மாதிரி ஒன்று விடாமல் சொன்னேன். புல்வெளியில் கூடாரம் போட்டதைச் சொன்னேன், குதிரைப் பாலைச் சொன்னேன். பாலைக் காய்ச்சவில்லை என்று தெரிந்ததும் எல்லோர் முகத்திலும் வெளிச்சம். கால்நடைகளின் பச்சைப் பால் வழியாக மனிதருக்குத் தொற்றுகிற ஒரு காய்ச்சல் உண்டாம். அதுவாகத்தான் இருக்கும் என்று ரத்தம் எடுத்துச் சென்னைக்கு அனுப்பினார்கள். முடிவு வர நாளாகும் என்றார்கள். இன்னொரு பாட்டில் ரத்தம் எடுத்து, அதில் கிருமி வளர்கிறதா என்று பார்க்க வைத்தார்கள். எதுவும் வளரவில்லை. அறை வாடகையும் சோதனைக் கட்டணமும்தான் வளர்ந்தன.

வருகிறவர்களிடமெல்லாம் அம்மா இதையே பாடினாள். நர்ஸிடம், கூட்டுகிற அம்மாவிடம், பக்கத்து அறைக்காரர்களிடம். "அந்த ஊர்லேந்து இன்னாத்தையோ வாங்கினு வந்துட்டான்." படுத்தபடி கேட்டுக்கொண்டிருப்பேன். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். முன்பின் தெரியாத என்னைக் கூடாரத்துக்குள் இழுத்து அடுப்புப் பக்கத்தில் உட்கார வைத்தவர்களைப் பற்றியா இந்தப் பேச்சு? கத்த வேண்டும் போல இருக்கும். கத்த மூச்சு இருந்தால்தானே.

அக்காவின் வீட்டுக்காரர் ஏழுமலை மாமா இன்னும் ஒரு படி மேலே. நெல் நடவு வேலையைப் போட்டுவிட்டுக் கடம்பத்தூரிலிருந்து தினமும் ரயில் ஏறி வருவார். வந்ததும் ஆரம்பித்துவிடுவார்.

"ஏன்டா மச்சான், இங்க பசுமாடு எருமமாடு எல்லாம் பாலை நிறுத்திடுச்சா? குதிரப் பால் குடிக்கறதுக்கு அவ்ளோ தூரம் போனியா?"

"மாமா, பேசாம இருங்க."

"இன்னா பேசாம இருக்கறது? உங்கம்மா அங்க நாஷ்டா கூடத் துன்னாம உக்காந்துகினு கீது. எல்லாம் அந்தச் சைக்கிளால வந்த பேஜாரு. நீ எழுந்து வா, மொத வேலையா அத ஓரங்கட்டறேன்."

திட்டிக்கொண்டே என்னைத் தோளில் சாய்த்து எழுப்பி, திட்டிக்கொண்டே சிறுநீர் டப்பாவைப் பிடித்து, அதைக் கொண்டுபோய்க் கொட்டிக் கழுவி வைப்பதும் அவர்தான். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. அக்கா கஞ்சியை ஃபிளாஸ்கில் கொண்டுவந்து ஸ்பூன் ஸ்பூனாக ஊதிக் கொடுப்பாள். நான் வாந்தியெடுத்தால் துடைத்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிப்பாள். இவர்கள் மேல் கோபப்படவும் முடியாமல், படாமல் இருக்கவும் முடியாமல் கிடந்தேன்.

உடம்பு இறங்கிக்கொண்டே போனது. ரத்தத்தை உறைய வைக்கிற தட்டணுக்கள் குறைந்துவிட்டன. கண் மஞ்சளடித்தது. பிறகு மூச்சு. நுரையீரலில் நீர் கோத்துக்கொள்கிறது என்றார்கள். மூக்கில் குழாய் வைத்தும் காற்று போதவில்லை. மலையேறும்போதும் மூச்சு வாங்கியதுதான். ஆனால் அங்கே நின்றால் சரியாகிவிடும். இங்கே படுத்தே கிடக்கிறேன், சரியாகவில்லை. அப்போதுதான் பயந்தேன், நன்றாகவே பயந்தேன். மருத்துவர் அக்காவை வெளியே கூப்பிட்டுச் சொன்னது கதவு வழியாக எனக்கும் கேட்டது. "நாளைக்கும் இப்படியே இருந்தா தொண்டையில குழாய் போட்டு மிஷின்ல வைக்கிற மாதிரி இருக்கும். எதனால வந்துச்சுன்னு தெரிஞ்சாதான் சரியான மருந்து கொடுக்க முடியும். நெஞ்சு, வயிறு ரெண்டையும் ஸ்கேன் பண்ணிப் பாத்துடலாம்."

ஸ்கேன் எடுக்க வேண்டுமென்றால் உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது. நர்ஸ் வந்து மோதிரத்தை வாங்கினார். இடுப்பைத் தொட்டுப் பார்த்து, "இதையும் கழட்டிடுங்க" என்றார்.

அம்மா எழுந்து நின்றுவிட்டாள். "அத மட்டும் கழட்டக் கூடாது."

"அம்மா, வெள்ளி இருந்தா படத்துல சரியா தெரியாது."

"தெரியாட்டி போவட்டும். உசுரோட இருக்கறவன் இடுப்ப யாராச்சும் வெறும் இடுப்பாக்குவாங்களா? இன்னா நெனச்சுகினு கீறீங்க எம்புள்ளைய?"

எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளையின் அரைஞாணை அறுப்பது அவன் பிணமான பிறகுதான். மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருக்கிற பிள்ளையிடம் வந்து அதைக் கழற்றச் சொன்னால் அம்மாவுக்கு எப்படி இருந்திருக்கும் என்று இப்போது புரிகிறது. அப்போது புரியவில்லை. "கழட்டித் தொலைம்மா!" என்று கத்தப் பார்த்தேன். இருமல்தான் வந்தது. நர்ஸுக்கும் அம்மாவுக்கும் வாக்குவாதம் முற்றியது. ஸ்கேன் அறையிலிருந்து ஆள் வந்து நேரமாகிறது என்றார். நான் சாகப் போகிறேன், இவர்கள் வெள்ளிக்குச் சண்டை போடுகிறார்கள் என்று எனக்கு ஆத்திரத்தில் கண்ணீரே வந்துவிட்டது.

அக்காதான் வழி கண்டுபிடித்தாள். "யம்மா, மொதல்ல ஒரு கயிறக் கட்டிடலாம். அப்புறமா வெள்ளியக் கழட்டலாம். இடுப்பு வெறுமையாவே இருக்காதுல்ல?" ஓடிப்போய் வாசலிலிருந்த பெட்டிக்கடையில் கறுப்புக் கயிறு வாங்கிவந்தாள். அம்மா அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மாமா என்னை ஒருக்களித்துப் பிடித்துக்கொள்ள, சட்டையைத் தூக்கி, லுங்கியைத் தளர்த்தி, கயிற்றைச் சுற்றிக் கட்டிவிட்டு, வெள்ளிக் கொடியை மெதுவாக உருவினாள். பின்பக்கம் வந்ததும் அவள் கை நின்றது.

"இன்னாது இது, சூடு வெச்ச மாரி கருப்பா கீது?"

முதுகுக்குக் கீழே, கொடி சரியாகப் படிந்திருந்த இடத்தில், ஒரு சின்னக் கறுப்புப் பொருக்கு. சுற்றிலும் சிவப்பு. எனக்கு வலிக்கவும் இல்லை, அரிக்கவும் இல்லை. அது அங்கே இருந்ததே எனக்குத் தெரியாது. நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்தவர்கள், வயிற்றை அமுக்கிப் பார்த்தவர்கள் எத்தனையோ பேர். ஒருவரும் என்னைத் திருப்பிப் போட்டுக் கொடியை நகர்த்திப் பார்க்கவில்லை.

நர்ஸ் போய் மருத்துவரைக் கூட்டிவந்தார். அவர் டார்ச் அடித்து அந்த இடத்தையே பார்த்தார். பிறகு முகக்கவசத்தை இறக்கிவிட்டு, இத்தனை நாளில் முதல்முறையாகக் கிர்கிஸ்தானைப் பற்றி இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டார். "கடந்த மூணு வாரத்துக்குள்ள புல்லுல, மண்ணுல எங்கயாவது படுத்தீங்களா?"

"இல்ல டாக்டர்," என்றேன். "வேலைக்குப் போனேன், ஊட்டுக்கு வந்தேன். வேற எங்கயும் போகல."

நான் பொய் சொல்லவில்லை. எங்கே போனாய் என்று கேட்டால் எங்கள் ஊர் ஆள் எவனாவது கோயிலைச் சொல்வானா? அக்காதான் மெல்லிய குரலில் சொன்னாள். "டேய்... உருண்டியேடா."

அம்மா வெள்ளிக் கொடியைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி நின்றாள்.

மருத்துவர் விளக்கினார். மழைக்குப் பிறகு புல்லிலும் புதரிலும் கண்ணுக்குத் தெரியாத ஒருவகை உண்ணிக் குஞ்சு இருக்குமாம். துணி இறுகுகிற இடமாகப் பார்த்துக் கடிக்கும். கடித்தது தெரியாது. சில நாள் கழித்துக் காய்ச்சல் வரும். கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல ஒரு பொருக்கு, அதுவும் எல்லோருக்கும் இருக்காது. உண்ணிக் காய்ச்சல் என்பார்கள். ஆங்கிலத்தில் ஸ்க்ரப் டைபஸ். நம் மாவட்டத்தில் மழைக்காலத்தில் சாதாரணமாக வருவதுதான். அதற்குரிய மாத்திரை எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கும், விலையும் சொற்பம். "நீங்க அங்கேயிருந்து வந்து இவ்வளவு நாளாச்சுல்ல? கணக்கே ஒத்துவரல. நாங்களும் வெளிநாடுன்னதும் அங்கயே தேடிட்டோம். முதல் நாளே முழுசா பாத்திருக்கணும்," என்றார். அவர் அப்படி ஒப்புக்கொண்டதற்கு என் நன்றி. பிறகு அம்மாவைப் பார்த்து, "கோயில் மேல ஒண்ணும் தப்பில்லம்மா, ஈரப் புல்லு எங்க இருந்தாலும் இது இருக்கும்" என்றார். அம்மா வெளியே போய்விட்டாள்.

மருந்து ஏற்றிய மறுநாளே உடம்பு வேர்த்துக் கொட்டியது. காய்ச்சல் இறங்கிவிட்டது. ரத்தச் சோதனையும் உண்ணிக் காய்ச்சல்தான் என்று உறுதி செய்தது. குழாய் போடுகிற பேச்சே வரவில்லை. மூச்சு சீராகச் சீராக என் கோபமும் தெம்பாகி எழுந்தது. வியாதியை என் இடுப்பிலேயே கட்டிவைத்துக்கொண்டு எங்கோ இருக்கிற நாட்டைத் துழாவியிருக்கிறோம்! வீட்டுக்குப் போனதும் வருகிறவன் போகிறவனிடமெல்லாம் உண்மையைச் சொல்வது, கிர்கிஸ்தானின் மானத்தைக் காப்பாற்றுவது என்று படுத்தபடியே கறுவிக்கொண்டேன். காய்ச்சல்காரர்களே, இதைப் படித்தால் உங்கள் கொடியையும் கொஞ்சம் நகர்த்திப் பார்த்துக்கொள்ளுங்கள். உருண்டவர்கள் வீட்டுக்கு வந்ததும் வெந்நீரில் தேய்த்துக் குளியுங்கள்.

வீட்டுக்கு வந்த மறுநாள், அப்பாவின் ஒன்றுவிட்ட தங்கை மல்லிகா அத்தை ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து உட்கார்ந்தாள். ஊர்ச் செய்தி எதுவும் அவளைத் தாண்டிப் போகாது. சொல்வதென்றால் இவளிடம்தான் சொல்ல வேண்டும்.

"இன்னாடா டில்லி, எலும்பா பூட்டே? அந்த ஊர்ல புடிச்ச காய்ச்சலாமே? குதிரப் பால் குடிச்சியாமே?"

வாயைத் திறந்தேன். சமையலறை வாசலில் அம்மா டம்ளரோடு நின்றுகொண்டிருந்தாள். மருத்துவமனையில் வாய் ஓயாமல் பேசியவள், அந்தக் கயிறு கட்டிய நாளிலிருந்து இந்தப் பேச்சையே எடுக்கவில்லை. என்னை நேராகப் பார்க்கவும் இல்லை. இப்போதும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு முன்னால் குனிந்துகொண்டே போய்க் கல்லையும் முள்ளையும் பொறுக்கி மடியில் போட்ட கை, டம்ளரை இறுக்கிப் பிடித்திருந்தது.

"ஆமா அத்தே," என்றேன். "அங்கதான் புடிச்சுது."

குல்நாரா என்னை மன்னிக்கட்டும்.

"நான் சொல்லல?" அத்தை அம்மா பக்கம் திரும்பினாள். "அண்ணி, மொதல்ல அந்தச் சைக்கிள வித்துத் தொலைங்க. அது இருந்தா திரும்பவும் ஓடுவான்."

அம்மா வந்து டம்ளரை என் கையில் கொடுத்தாள். இத்தனை நாளுக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"அத ஏன் விக்கணும்? அது இன்னா பண்ணுச்சு?" என்றாள். "போவட்டும். இந்த தபா மட்டும் சிக்னல் கெடைக்கற ஊரா பாத்துப் போவட்டும்."